துண்டுக்கடியில் மரத்த கை

இதை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காமலே காரியம் செய்துதான் நான் இந்த நிலைக்கு வந்தேன். குரங்கணிக்கு மேலே பிறத்தியார் ஏலக்காயைத் தலைச்சுமையாகச் சுமந்து இறக்கியவன், இன்று மலையில் மூன்று தோட்டமும் போடியில் சரக்கு அடுக்க இரண்டு கிட்டங்கியும் வைத்திருக்கிறேன். மணலில் எழுதிப் பழகியதோடு படிப்பு முடிந்தது. ஆனாலும் ஒரு கை காயை அள்ளிப் பார்த்தால் அது எந்தச் சரிவில் விளைந்தது, எந்த வாரம் பறித்தது என்று சொல்லுவேன். பொய்யென்றால் வந்து சோதித்துப் பார்க்கலாம்.

எனக்கு வந்த நோயும் அப்பேர்ப்பட்டதுதான். மதுரையில் பெரிய டாக்டரே புத்தகத்தைப் புரட்டித்தான் அதற்குப் பேர் சொன்னார். இந்த வட்டாரத்தில் இனி யாருக்காவது கை மரத்து, கால் பின்னி, கண் மங்கினால், என்னைப் போலக் கண்ட வைத்தியத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் சரியான இடத்துக்குப் போவது என்று இருக்கக்கூடாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின அறுப்பில் இது ஆரம்பித்தது. மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் சுமையோடு வந்த பெண்பிள்ளை கூப்பிட்டாள்.

"மொதலாளி, ஒத்தச் செருப்பு பாதையில கெடக்கு. மலைச்சாமிக்கு விட்டுட்டு வந்தீகளா?"

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது. கல் குத்தி ரத்தம் வேறு. செருப்பு கழன்றதும் தெரியவில்லை, கல் குத்தினதும் தெரியவில்லை.

"ஆமா, சாமிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மற்றதையும் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தேன். ஒரு நல்ல செருப்பு போயிற்று.

அதற்குப் பிறகு வலது கை. கையுறை போட்டுக்கொண்டு எதையும் தொட்டது போலிருந்தது. எறும்பு ஊர்வது போல இருக்கும், பார்த்தால் எறும்பு இருக்காது. கழுத்தைக் குனித்துக் காயை அள்ளினால் பிடரியிலிருந்து முதுகு வழியாக மின்னல் இறங்கும். நிமிர்ந்தால் போய்விடும். மலைப்பனி என்று நினைத்தேன். நான் படுக்கிற ஆள் இல்லை, காய்ச்சலோடு மலையேறினவன்.

எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவனும் வாங்குகிறவனும் வலது கைகளைச் சேர்த்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கடியில் வாங்குகிறவன் எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அதுதான் அவன் கேட்கும் விலை. சம்மதமானால் தலையாட்ட வேண்டும். இல்லையென்றால் கையை உதற வேண்டும். சுற்றி நிற்கும் நூறு பேருக்கு ஒன்றும் தெரியாது. தலையாட்டின பிறகு மாற்றிப் பேசுகிறவனோடு அப்புறம் எவனும் துண்டு போடமாட்டான். இதில் என்னை ஏமாற்றின கை போடியில் கிடையாது.

சவரிமுத்து எனக்கு எதிர் வியாபாரி. கிறிஸ்து வேதக்காரன், என்னைவிட இளையவன், வாய் நீளம். ஒவ்வொரு அறுப்புக்கும் என் முதல் லோடுக்கு அவன் ஒரே ஒரு விரலைப் பிடிப்பான். ஒரு விரல் என்றால் சருகு விலை. என்னைச் சீண்டத்தான் அப்படிச் செய்வான். உடனே நான் கையை உதறிவிட்டு அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவேன். அந்தத் திட்டைக் கேட்கவே கூட்டம் கூடும். பிறகுதான் உண்மையான பேரம்.

அந்த வருஷமும் துண்டு போட்டோம். அவன் கை வந்து என் கையில் பட்டது தெரிந்தது. எத்தனை விரல் என்று தெரியவில்லை. மரக்கட்டையை மரக்கட்டை பிடித்தது போலிருந்தது. கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு இருக்கும் என்று நானாக முடிவு பண்ணித் தலையாட்டினேன்.

சவரிமுத்துவின் சிரிப்பு நின்றுவிட்டது. காதோரம் குனிந்தான்.

"பெருமாளண்ணே, நான் புடிச்சது ஒத்த வெரலு. வெளங்குதா?"

"வெளங்கித்தான் ஆட்டுனேன்."

"கழுதைக் கூலிக்குக் காணுமாண்ணே அது? வெளையாடாதீக. கைய ஒதறுங்க."

"குடுத்த கை குடுத்ததுதான். மூடையத் தூக்குடா."

"தூக்க மாட்டேன். இது வியாவாரமில்ல, களவு."

நானும் திருப்பி எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. என் முதல் லோடு இரண்டு பேருக்கும் இல்லாமல் சந்தைக் களத்தில் கிடந்தது. பொழுது சாயும்போது அவன் தன் கிட்டங்கியில் ஒரு மூலையில் அடுக்கிவைத்து, "அண்ணன் கை சரியானதும் மறுபடி துண்டு போடுவம். அதுவரைக்கும் இது எங்கிட்ட கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டான்.

கை என்று அவன் சொன்ன சொல் ஊரைச் சுற்றிவிட்டது. மரத்த கை, உணர்ச்சியில்லாத கால் என்றால் எங்கள் பக்கம் முதலில் நினைப்பது ஒன்றைத்தான். பெருவியாதி, குஷ்டம். நாக்கில் வைக்கவே பயப்படுகிற நோய் அது. என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சந்தையில் என்னோடு துண்டு போட வந்தவர்கள், "இன்னைக்கு வேண்டாண்ணே, சோலி கெடக்கு" என்று நழுவினார்கள். என்னிடம் கூலிக்கு நின்றவன்கூட வெற்றிலையை என் கையிலிருந்து வாங்காமல், கீழே வைக்கச் சொன்னான். அப்போதுதான் எனக்குள் பயம் வந்தது. இந்தக் கைக்கு யாரும் கை கொடுக்கமாட்டார்கள் என்றால் நான் யார்? தோட்டம் இருந்து என்ன, கிட்டங்கி இருந்து என்ன?

என் மச்சினன் கருப்பையாதான் மலையில் தோட்டத்தைப் பார்க்கிறான். அவன் சொன்னான்:

"மாமா, இது பெருவியாதியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. மலைப்பனி ஏறுன வாதம். சூடு காட்டுனா எறங்கிரும். நம்ம சூட்டறையிலயே ஒக்காருங்க."

சூட்டறை என்பது பச்சை ஏலக்காயை உலர்த்தும் அறை. அடியில் விறகு எரியும், இரும்புக் குழாய் வழியாகச் சூடு உள்ளே சுற்றும். கதவைச் சாத்தினால் கல்லும் வியர்க்கும். எனக்கும் அவன் சொன்னது சரியாகவே பட்டது. தைலம் தேய்த்துக்கொண்டு, காய்த் தட்டுகளுக்கு நடுவில் பலகை போட்டு உட்கார்ந்தேன். இப்படி வைத்தியம் செய்துகொண்டவன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சிறிது நேரத்தில் கால்கள் இரண்டும் என்னுடையதாக இல்லை. எழுந்தேன், மடிந்து விழுந்தேன். ஒரு தட்டுக் காய் என் மேல் கொட்டியது. அதோடு வலது கண்ணில் புகை மூடினாற்போல் ஆகிவிட்டது. கருப்பையா என்னை இழுத்துக்கொண்டு வெளியே போட்டான். குளிர்காற்று பட்டுக் கிடந்தேன். மேல் குளிரக் குளிரக் கண் தெளிந்தது, காலும் ஓரளவு வந்தது.

என்னோடு மலைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் ஓடிவந்து முகத்தைத் துடைத்தாள்.

"எந்தக் கண்ணு? அந்தக் கண்ணேவா?" என்றாள்.

"வாய மூடு" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஏன் மூடச் சொன்னேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மதுரைக்குப் போக எனக்கு இஷ்டமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவன் கதி என்று ஊரில் நூறு கதை உண்டு. சவரிமுத்துதான் ஒரு நாள் வில்வண்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"ஏறுங்கண்ணே. எங்க பாதிரிமார் ஆஸ்பத்திரி. எங்க அத்தைக்கு அங்கதான் கட்டி அறுத்தாக."

"உன் வண்டியில நான் எதுக்கு ஏறணும்? எனக்கு வண்டியில்லையா?"

"ஒங்க வண்டிக்காரன் வரமாட்டேங்குறான். ஏங்குறத நீங்களே கேட்டுக்கங்க."

நான் கேட்கவில்லை. ஏறினேன். பேச்சியம்மாள் கட்டுச்சோறும் பாயும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். ஆண்டிப்பட்டிக் கணவாயில் வண்டி குலுங்கினபோதெல்லாம் பிடரியில் மின்னல் அடித்தது. சவரிமுத்து என் பக்கத்திலேயே, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தான். விலகி உட்காரவில்லை. அதை நான் கவனித்தேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுதான் பாதி நோய். நீளத் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருப்பார்கள். வயிறு வீங்கினவன், கண்ணில் கட்டுப்போட்டவள், கக்கத்தில் பிள்ளையோடு நிற்கிறவள் எல்லோரும் ஒரே வரிசை. நான் இன்னார் என்று கம்பவுண்டரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம், வரிசையில உக்காருங்க" என்றான். போடியில் இப்படி எவனும் என்னைப் பேசினதில்லை.

டாக்டர் அமெரிக்காக்காரர். நெட்டை. தமிழ் நன்றாகப் பேசினார், ஆனால் வேதபுஸ்தகம் வாசிப்பது போலப் பேசினார். அவர் வாய் திறக்குமுன் பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள்.

"அய்யா, பெருவியாதியா, இல்லையா? அத மட்டும் மொதல்ல சொல்லுங்க. மத்தத அப்புறம் பாப்பம்."

"அம்மா, பொறும்" என்றார். என் சட்டையைக் கழற்றச் சொல்லி, தோலை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். பெருவியாதியில் அங்கே நரம்பு கயிறு போலத் தடிக்குமாம், தோலில் வெளுத்த படை இருக்குமாம். எனக்கு இரண்டும் இல்லை. பிறகு பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டுத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார்.

"இது அந்த வியாதி அல்ல" என்றார்.

பேச்சியம்மாள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாழ்வாரத்தில் நின்ற சவரிமுத்து கதவு வழியாக எட்டிப் பார்த்து, "நாந்தான் சொன்னேன்ல?" என்றான். அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப இது என்ன வியாதி?" என்று கேட்டேன். அதற்குத்தான் நாள் பிடித்தது.

என்னைப் படுக்கவைத்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை. ரப்பர் வைத்த சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் உதைத்துக்கொண்டு அவர் மேலேயே பட்டது. உள்ளங்காலில் சாவியால் கீறினார். பெருவிரல் மேலே எழும்பியது. பெரியவர்களுக்கு அது கீழே மடங்க வேண்டுமாம், கைப்பிள்ளைக்குத்தான் மேலே எழும்புமாம். மூளையிலிருந்து வரும் கட்டளை நடுவில் எங்கோ அறுபடுகிறது என்று அதற்கு அர்த்தம்.

"விரலால் உம்முடைய மூக்கைத் தொடும்" என்றார்.

"மூக்கு எங்க போயிரும்? இருக்குற எடத்துலதான் இருக்கு" என்றேன்.

"அதத் தொட்டுக் காட்டிட்டுப் பேசுங்க" என்றாள் பேச்சியம்மாள்.

விரல் ஆடி ஆடிப் போய்க் கன்னத்தில் குத்தியது. மறுபடியும் முயன்றேன். கண்ணில் குத்தியது.

ஒரு நாள் டாக்டர் பேச்சியம்மாளை வெளியே போகச் சொன்னார். அவள் போகவில்லை. டாக்டர் தயங்கித் தயங்கி, எனக்கு வாலிபத்தில் பெண் சகவாசத்தால் வரும் மேகநோய் இருந்ததுண்டா என்று கேட்டார். அதுவும் நரம்பை இப்படிக் கெடுக்குமாம்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்றாள் அவள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு.

"சத்தியமா இல்ல" என்றேன்.

நோயாளிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும். ரத்தமும், அடிமுதுகில் ஊசி குத்தி எடுத்த நீரும் மதராசுக்குப் போயின. அந்த ஊசியைப் பற்றிச் சொல்கிறேன், பயப்படவேண்டாம்: ஒருக்களித்துப் படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவரவேண்டும், அசையக்கூடாது. குத்தும்போது பெரிய வலி இல்லை. மறுநாள் தலைவலிதான் ஆளைக் கொல்லும். எழுந்து உட்காராமல் மல்லாந்து படுத்திருந்தால் போய்விடும். பதில் வருகிறவரை பேச்சியம்மாள் எனக்குக் கஞ்சி கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. பதில் வந்தது: இல்லை. அன்றைக்கு எங்கிருந்தோ அயிரை மீன் வாங்கிக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். பக்கத்துக் கட்டில்காரன், காலொடிந்த வண்டிக்காரன், "அண்ணாச்சி, நல்ல பேரு வாங்குனதுக்கு மீன் கொழம்பா? எனக்கும் அந்த ஊசியப் போடச் சொல்லுங்க" என்றான். அவனுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினாள்.

ஆனாலும் டாக்டருக்குத் தெளியவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது என்றார். "இதற்கு முன்பு, பல வருஷங்களுக்கு முன்பாவது, உமக்குக் கண்ணிலாவது காலிலாவது ஏதும் வந்து போனதுண்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். சூட்டறையில் விழுந்ததைச் சொன்னேன். வைத்தியம் பண்ணப் போய்த் தடுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னேன்.

கடைசியில் பேச்சியம்மாள்தான் எழுந்தாள்.

"கண்ணு போச்சுங்கய்யா. பத்து வருசத்துக்கு முந்தி. இந்த வலது கண்ணுதான். அசைச்சா வலிச்சுச்சு, ரெண்டு நாள்ல ஒண்ணுந் தெரியல. சூட்டறையிலயும் இதே கண்ணுதான்."

"ஏய்!" என்றேன்.

"கத்துங்க. நல்லாக் கத்துங்க. அம்மனுக்குக் காது கேக்கும், இவருக்குக் கேக்க வேண்டாமா?"

விஷயம் இதுதான். அப்போது கண் போனதும் வீரபாண்டி அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். சில வாரத்தில் பார்வை திரும்பியது. வெள்ளியில் கண்மலர் செய்து சாத்தினேன். நேர்த்தி செலுத்தின நோயின் பேரை மறுபடியும் வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் கூப்பிட்டதாகிவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மன் தீர்த்ததை டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அது முடிந்த கணக்கு. இது வேறு. அப்படித்தான் நினைத்தேன், என்னைப் போல இன்னும் எத்தனை பேர் நினைத்துக்கொண்டு இருக்கிறார்களோ.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருட்டறைக்குக் கூட்டிப்போய், நடுவில் ஓட்டையிட்ட சின்னக் கண்ணாடியால் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் போகும் நரம்பு வெளிறிக் கிடக்கிறதாம். பழைய தழும்பு. பிறகு சூட்டறைக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். உடம்பு சூடானதும் கண் மங்கியது, குளிர்ந்ததும் திரும்பியது என்று பேச்சியம்மாள் சொன்னபோது தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"எங்கள் தேசத்தில் இதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்போம்."

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். தந்திக் கம்பி தரைக்கடியில் போனால் அதன் மேல் ஒரு உறை சுற்றியிருப்பார்கள். நரம்புக்கும் அதுபோல ஒரு உறை உண்டு. மூளையிலும் முதுகுத் தண்டிலும் அங்கங்கே அந்த உறை கெட்டு, தழும்பு விழுந்து இறுகிப்போகிறது. கண்ணுக்குப் போகும் நரம்பில் விழுந்தால் கண், கைக்குப் போவதில் விழுந்தால் கை. ஒரு தடவை ஒரு இடம், இன்னொரு தடவை வேறொரு இடம், நடுவில் வருஷக்கணக்கில் சும்மாவும் இருக்கும். அதனால்தான் பழைய நோயும் புது நோயும் ஒன்றே என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சூடு ஏறினால் கெட்டுப்போன நரம்பு இன்னும் தடுமாறும். சூட்டால் புதுத் தழும்பு விழுவதில்லை, இருக்கிற தழும்பு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஒட்டுகிற நோயும் இல்லை.

"குளிர் தேசங்களில் இது உண்டு. இந்தச் சீமையில் நான் இதுவரை கண்டதில்லை. நீர்தான் முதல்" என்றார்.

"எதுலயும் நாந்தான் மொதல்" என்றேன்.

"ஆமா, பட்டங் கட்டுங்க" என்றாள் பேச்சியம்மாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

தீருமா என்று கேட்டேன். தீர்க்கிற மருந்து இல்லை என்றார். பாஷாணம் கலந்த சொட்டு மருந்து கொடுத்தார். பேச்சியம்மாள் அதை எனக்குக் கொடுக்குமுன் ஒரு சொட்டைத் தானே நாக்கில் வைத்துப் பார்ப்பாள், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஓய்வு, நல்ல சாப்பாடு, வெந்நீர்க் குளியல் கூடாது, வெயில் கூடாது. கையில் உணர்ச்சி கொஞ்சம் திரும்பலாம், முழுசாகத் திரும்பாமலும் இருக்கலாம். பின்னொரு நாள் கால் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஒன்றும் உறுதி சொல்வதற்கில்லை என்றார். வியாபாரத்தில் இப்படிப் பேசுகிறவனை நான் பக்கத்தில் சேர்க்கமாட்டேன். ஆனால் அந்த மனிதர் தெரியாததைத் தெரியாது என்றார். அதற்காக அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டில் வாங்கிக் கொடுத்தேன். போய்ப் பார்த்தால் தெரியும், சாளரத்துப் பக்கம் இருக்கிற நல்ல கட்டில்கள்.

ஊர் திரும்பினேன். கால் பரவாயில்லை, கோல் ஊன்றி நடந்தேன். வலது கை மட்டும் வரவில்லை. இடது கை பழுதில்லாமல் இருந்தது; மாவையும் மணலையும் தொட்டே பிரிக்கும். ஆனால் இடது கையால் துண்டு போடுவது எங்கள் பக்கம் நடக்காத காரியம். ஒருவனுக்கு இடது கையை நீட்டுவது அவனைச் செருப்பால் அடித்தது போல. அதுவும் என் கையைப் பற்றி ஊர் அப்படிப் பேசியிருக்கும்போது. டாக்டர் இல்லை என்று சொன்னதை நான் சொல்லலாம், எழுதிக் காட்டலாம்; கை கொடுக்கிறவன் கொடுத்தால்தான் உண்டு.

சந்தை நாளில் களத்துக்குப் போனேன். சவரிமுத்து அந்தப் பழைய லோடை ஆள் வைத்து நடுக் களத்தில் இறக்கினான். ஒரு மூடையும் குறையவில்லை. மணம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வாங்கண்ணே. பாதியில நின்ன வியாவாரம்."

நான் வலது கையை வேட்டியோரம் விட்டுவிட்டு இடது கையை நீட்டினேன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஒருவன் உரக்கவே சொன்னான், "என்னப்பா இது, பீச்சாங்கையி!"

சவரிமுத்து என் கையைப் பார்த்தான். துண்டைத் தோளிலிருந்து இறக்கினான். வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் இடது கையை நீட்டினான். இரண்டு கையின் மேலும் துண்டு விழுந்தது.

அவன் விரல்களின் காய்ப்பு தெரிந்தது. மோதிரம் தெரிந்தது. கை வியர்த்திருந்தது, அதுவும் தெரிந்தது. மெதுவாக என் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தான். அதை மட்டும். மற்ற நான்கையும் விட்டுவிட்டான்.

ஒத்த விரல்!

நான் கையை உதறின உதறலில் துண்டு தூரப் போய் விழுந்தது. அவன் அப்பன், பாட்டன், அவன் வீட்டுக் கழுதை, கழுதைக்குப் புல் போட்டவன் வரைக்கும் இழுத்துத் திட்டினேன். களம் முழுக்கச் சிரித்தது. சவரிமுத்து குனிந்து துண்டை எடுத்து உதறித் தட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சரிண்ணே, இனி வியாவாரத்தப் பேசுவம்" என்று மறுபடியும் இடது கையை நீட்டினான்.